‘நடத்தைக்கான மரபணு’: விலங்கு ஆய்வுகளை முன்வைத்து ஒரு தொடரின் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

விலங்குகளின் நடத்தையில் மரபணுக்களுக்குப் பங்குண்டு என்பது இன்று ஐயத்திற்கு இடமற்றது. அப்பங்கைத் தமிழில் எடுத்துரைக்கையில் ‘நடத்தைக்கான மரபணு’, ‘மரபணுவால் நிகழும் நடத்தை’ ஆகிய தொடர்கள் கையாளப்படுகின்றன. இரு விலங்குகளுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்கும் ஆய்வு முடிவுகளை, ஒரு விலங்கின் செயலையே முழுதும் விளக்கும் முடிவுகளாக இத்தொடர்கள் மாற்றிவிடுகின்றன. வோல், பழ ஈ, தேனீ, எறும்பு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மரபணு, விலங்கு நடத்தை, வாசோப்ரெசின், வேற்றுமைப் பொருள், அறிவியல் தமிழ்

முன்னுரை

வட அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி வோல் எலியைப் போன்ற ஒரு சிறு கொறிவிலங்கு. இணை சேர்ந்தபின் ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் தங்குகின்றன. குட்டிகளை இரண்டும் பேணுகின்றன. அயல் வோல் நெருங்கினால் ஆண் அதனைத் தாக்குகிறது. பாலூட்டி இனங்களில் இவ்வாறு இணையாக வாழ்வன பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. பிரெய்ரி வோலுக்கு மிக நெருங்கிய உறவினங்களாகிய மலை வோலும் மெடோ வோலும் இங்ஙனம் வாழ்வதில்லை. உடலமைப்பில் ஏறத்தாழ ஒன்றாகவும் வாழ்முறையில் வேறாகவும் உள்ள இவ்வினங்கள், நடத்தையின் மரபியலை ஆராய்வோருக்கு இயற்கை தந்த ஒப்பீட்டுக் களமாக அமைந்தன.

இக்களத்திலிருந்து கிடைத்த முடிவுகள் பொதுவாசகரை அடைந்தபோது ‘இணைபிரியாமைக்கான மரபணு’ என்னும் சுருக்கத்தைப் பெற்றன. எளிமைப்படுத்தலில் இழப்பு இருக்கும் என்பது அறிந்ததே. ஆயின் இங்கு நேர்ந்தது எளிமைப்படுத்தல் அன்று. ஆய்வாளர் எழுப்பிய வினா ஒன்று; வாசகர் விடை பெற்றதாகக் கருதும் வினா வேறொன்று. பிறப்பே குணத்தை வகுக்கிறது என்னும் பழங்கருத்து இன்னும் வலுவோடு இருக்கும் ஒரு சமூகத்தில், இவ்வினா மாற்றத்தைச் சொற்பிழை என்று ஒதுக்கிவிட இயலாது.

தொடரின் இலக்கணம்

நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் பொருட்டு, அதுவாதல் என்னும் இரண்டும் அடங்கும். ‘கூலிக்கு வேலை’ என்பதில் உருபு நோக்கத்தைச் சுட்டுகிறது. ‘தாலிக்குப் பொன்’ என்பதில் பொன்னே தாலியாக ஆகிறது. ‘இணைவாழ்க்கைக்கான மரபணு’ என்று படிப்பவர் இவ்விரண்டில் ஒன்றைக் கொள்வது இயல்பு. இணைவாழ்க்கையை உண்டாக்குவதே அம்மரபணுவின் நோக்கம் என்றோ, அதுவே விரிந்து இணைவாழ்க்கை ஆகிறது என்றோ அவர் உணர்வார். இரண்டும் ஆய்வு கூறாதவை.

‘மரபணுவால்’ என்று மூன்றாம் வேற்றுமையில் எழுதினாலும் சிக்கல் தீர்வதில்லை. கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பன அவ்வேற்றுமையின் பொருள்கள். கருவியை முதற்கருவி, துணைக்கருவி என்றும், கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்றும் உரையாசிரியர்கள் மேலும் பகுப்பர். குடம் வனைதலில் மண் முதற்கருவி, திரிகை துணைக்கருவி, குயவன் இயற்றுதற்கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்னும்போது அரசன் கல் சுமந்தவன் அல்லன், ஏவியவன். பொது எழுத்தில் மரபணு பெரும்பாலும் இந்த அரசனின் இடத்திலேயே அமர்த்தப்படுகிறது. மரபணு ஏவுகிறது, விலங்கு இயற்றுகிறது. உண்மையில் அது புரதம் ஒன்றன் அமைப்பையோ அளவையோ மாற்றும் வேதிப்பொருளே ஆதலின், துணைக்கருவி என்பதே அதற்கு அண்மையான பெயர்.

ஆயினும் இப்பகுப்பும் முழுமையாகப் பொருந்துவதில்லை. நடத்தை மரபியலின் அடிப்படை முடிவு எப்போதும் ஓர் ஒப்பீடு. இரண்டு அடுப்புகளில் ஒரே முறையில் வைத்த குழம்புகளில் ஒன்றில் மட்டும் உப்பு இல்லையெனில், அவற்றின் சுவை வேறுபாட்டிற்கு உப்பே முழுக் காரணம். ஆனால் எந்தக் குழம்பையும் உப்பு ஆக்கிவிடவில்லை. ‘இதனின் இது வேறுபடுவது இந்த ஏதுவால்’ என்னும் இப்பொருள், ஒப்பும் ஏதுவும் சேர்ந்த ஐந்தாம் வேற்றுமைக்கு உரியது. நான்காம் உருபோடு எழுதும்போது ஒப்பு மறைந்துவிடுகிறது.

ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1982ஆம் ஆண்டு வெளிவந்த தம் இரண்டாம் நூலில் இத்தொடருக்கு ஆதரவாக வாதிட்டார். ஒரு மரபணு வேறுபாடு படிக்கும் திறனில் வேறுபாட்டை உண்டாக்குமாயின் அதனைப் படிப்பதற்கான மரபணு எனலாம், மரபியலார் எப்போதும் வேறுபாட்டையே குறிக்கின்றனர் என்பது அவர் கருத்து. தருக்க அளவில் இதில் குறையில்லை. ஆனால் அது ஒரு துறையினர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கையை அறியாத வாசகரிடம் தொடரை மட்டும் கொண்டுசேர்ப்பது முறையாகாது.

வோல்களின் சான்று

தாமஸ் இன்செல் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் வோல் இனங்களின் மூளைகளை ஒப்பிட்டனர். ஆக்ஸிடோசின், வாசோப்ரெசின் ஆகிய ஹார்மோன்கள் எல்லா இனங்களிலும் உண்டு. அவற்றை ஏற்கும் ஏற்பிகள் மூளையில் பரவியிருக்கும் இடங்கள் மட்டும் இனத்துக்கு இனம் வேறுபட்டன. லாரி யங் முதலியோர் 1999ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதனை மரபணு அளவிற்குக் கொண்டுசென்றது. வாசோப்ரெசின் ஏற்பியின் மரபணுவில் புரதத்தைக் குறிக்கும் பகுதி பிரெய்ரி வோலிலும் மலை வோலிலும் ஏறத்தாழ ஒன்றே. அதற்கு முன்னுள்ள ஒழுங்குபடுத்தும் பகுதியில்தான் வேறுபாடு இருந்தது. பிரெய்ரி வோலின் அம்மரபணுவைச் சுண்டெலியில் புகுத்தியபோது, ஏற்பியின் பரவல் பிரெய்ரி வோலை ஒத்தது. வாசோப்ரெசின் செலுத்தப்பட்ட ஆண் சுண்டெலிகள் பெண்களிடம் கூடுதல் நெருக்கம் காட்டின.

அவை இணைவாழ்க்கை வாழும் சுண்டெலிகளாக மாறிவிடவில்லை என்பதை இவ்விடத்தில் அழுத்திக் கூற வேண்டும். முகர்தலும் மயிர் நீவுதலும் மிகுந்தன, அவ்வளவே.

2004ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் புகழ்பெற்றது. மெடோ வோல் ஆண்களின் முன்மூளையில் வென்ட்ரல் பாலிடம் என்னும் பகுதியில், வைரஸைக் கடத்தியாகக் கொண்டு இந்த ஏற்பியின் மரபணு செலுத்தப்பட்டது. அந்த ஆண்கள் புதிய பெண்ணைவிடப் பழகிய பெண்ணையே நாடின. ஒற்றை மரபணுவை ஒற்றை இடத்தில் மிகுவித்ததால் ஓர் இனத்தின் நடத்தை மற்றோர் இனத்தின் நடத்தையை நோக்கி நகர்ந்தது வியப்பிற்குரியதே. எனினும் அளக்கப்பட்டது எது என்பதையும் நோக்க வேண்டும். மூன்று அறைகள் கொண்ட பெட்டியில் இரு பெண்கள் இரு புறமும் கட்டப்பட்டிருக்க, ஆண் எந்தப் பெண்ணை ஒட்டி எவ்வளவு நேரம் இருந்தது என்பதே அளவீடு. ‘இணைபிரியாமை’ என்னும் சொல் சுமக்கும் கூடு, குட்டி பேணல், பருவங்கள் தோறும் தொடரும் துணைமை எவையும் அப்பெட்டிக்குள் இல்லை.

இதன்பின் வந்த ஆய்வுகள் பொது எழுத்தில் மிகக் குறைவாகவே இடம்பெற்றன. திறனாய்வு நோக்கில் இவையே முதன்மையானவை. 2005இல், ஒழுங்குபடுத்தும் பகுதியில் மீளமீள வரும் குறுந்தொடர்களின் நீளம் பிரெய்ரி வோல் ஆண்களின் சமூக நடத்தையோடு தொடர்புடையது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிங்க், எக்ஸ்கோஃபியே, ஹெக்கல் ஆகியோர் பல வோல் இனங்களை ஆராய்ந்து, இணையாக வாழாத இனங்களிலும் அக்குறுந்தொடர் பரவலாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டினர். பாலூட்டிகளின் இணைவாழ்க்கை ஒற்றை மரபணுவின் ஆட்சியில் இல்லை என்பது அவர்கள் முடிவு. 2008இல் அலெக்சாண்டர் ஓஃபிர் முதலியோர் வேலியிட்ட திறந்தவெளியில் பிரெய்ரி வோல்களை வாழவிட்டு, பிறந்த குட்டிகளின் தந்தைமையைக் கண்டறிந்தனர். கூடி வாழும் ஆண்களும் பிற பெண்களிடம் குட்டிகளைப் பெறுவதுண்டு. வென்ட்ரல் பாலிடத்தின் ஏற்பி அளவு அவ்வேறுபாட்டை முன்னறிவிக்கவில்லை. இடத்தை நினைவில் கொள்வதோடு தொடர்புடைய பகுதிகளின் ஏற்பி அளவே முன்னறிவித்தது. ‘விசுவாசம்’ என்று நாம் பெயரிட்ட ஒன்றில், யாருடைய எல்லை எங்கே என்று நினைவில் கொள்ளும் திறனும் கலந்திருக்கிறது.

ஆக்ஸிடோசின் ஏற்பியின் வரலாறு இன்னும் கூர்மையானது. வளர்ந்த பெண் பிரெய்ரி வோலில் மருந்தால் அவ்வேற்பியைத் தடுத்தால் இணைப்பிணைப்பு உருவாவதில்லை என்பது பல்லாண்டுகளாகப் பாடநூற் செய்தி. 2023இல் நியூரான் இதழில் வெளிவந்த ஆய்வு, அவ்வேற்பியின் மரபணுவையே கருநிலையில் செயலிழக்கச் செய்தது. அவ்வாறு பிறந்த வோல்களும் இணைப்பிணைப்பை உருவாக்கின. பெண்கள் ஈன்று பாலூட்டவும் செய்தன. பழைய முடிவு பொய்யாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. வளர்ந்த மூளையில் ஒன்றைத் தடுப்பதும், அது இல்லாமலே ஒரு மூளை வளர்வதும் ஒன்றல்ல. தொடக்கத்திலிருந்தே ஒரு வழி அடைபட்டிருந்தால் வளர்ச்சி வேறு வழியைத் தேடிக்கொள்ளக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. மரபணுவை ஏவுதற்கருத்தாவாகக் கொள்ளும் வாக்கியத்தில் வளர்ச்சிக் காலம் என்னும் இக்கூறுக்கு இடமே இல்லை.

ஒரே மரபணு, எதிரெதிர்த் திசை

ஓர் இனத்தில் கண்ட மரபணுவைப் பிற இனங்களிலும் தேடுவது இத்துறையின் இயல்பான அடுத்த படி. இவ்வகையில் பழ ஈயின் ‘ஃபொரேஜிங்’ மரபணு தெளிவான எடுத்துக்காட்டு. மார்லா சொக்கொலவ்ஸ்கி 1980இல், உணவின் மேல் நெடுந்தூரம் ஊரும் புழுக்களையும் ஓரிடத்திலேயே தங்கி உண்ணும் புழுக்களையும் வேறுபடுத்திக் காட்டினார். 1997இல், அவ்வேறுபாடு ஒரு கைனேஸ் நொதியின் மரபணுவைச் சார்ந்தது என்று நிறுவப்பட்டது. ஊர்ந்து திரிபவற்றில் அந்நொதியின் செயல்பாடு சற்றே மிகுதி. இயற்கையில் இரு வகையும் உண்டு என்பதால் இது ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய ஊனமன்று. இத்துறையின் மிக உறுதியான முடிவுகளில் ஒன்று.

ஆயினும் உணவில்லாத பரப்பில் விட்டால் இருவகைப் புழுக்களும் ஒரேபோல் ஊர்கின்றன. பட்டினியிட்டால் திரிபவையும் தங்குபவைபோல் நடந்துகொள்கின்றன. ‘அலைவதற்கான மரபணு’ என்று எழுதியவர் இதற்கு என்ன விடை கூறுவார்?

தேனீக்கு வருவோம். வேலைக்காரத் தேனீ முதல் இரண்டு மூன்று வாரங்கள் கூட்டினுள் புழு வளர்ப்பு முதலிய பணிகளைச் செய்து, பின்னர் வெளியே சென்று தேன் சேகரிக்கிறது. பென்-ஷஹார் முதலியோர் 2002இல், வெளியே செல்லும் தேனீக்களின் மூளையில் இதே மரபணுவின் வெளிப்பாடு மிகுந்திருப்பதைக் கண்டனர். முதிய தேனீக்கள் இல்லாத கூட்டில் இளந்தேனீக்கள் காலத்துக்கு முன்பே வெளியே செல்கின்றன. அவற்றிலும் வெளிப்பாடு மிகுகிறது. பழ ஈயில் இரு விலங்குகளை வேறுபடுத்திய மரபணு, தேனீயில் ஒரே விலங்கின் இரு பருவங்களை வேறுபடுத்துகிறது. கூட்டின் தேவை முதலில் மாறுகிறது. மரபணுவின் வெளிப்பாடு அதற்கு ஏற்ப மாறுகிறது. இங்கு ஏவுபவர் யார், ஏவப்படுபவர் யார் என்பதே மயங்கிவிடுகிறது.

இவ்வளவில் நின்றிருந்தால், திசையாவது ஒன்றாக உள்ளதே எனலாம். டெபோரா கார்டன் குழுவினர் 2005இல் அமெரிக்கப் பாலைநிலத்தில் விதை சேகரிக்கும் எறும்புகளை ஆராய்ந்தபோது, வெளியே செல்லும் எறும்புகளில் வெளிப்பாடு குறைந்தும் கூட்டினுள் இருக்கும் இளம் எறும்புகளில் மிகுந்தும் இருந்தது. உருளைப்புழுவிலும் திசை தலைகீழ். அங்கு இம்மரபணு செயலிழந்தால் புழு மிகுதியாக அலைகிறது. மரபணு ஒன்றே, தொடர்புடைய நடத்தைப் புலமும் ஒன்றே, விளைவு மட்டும் எதிரெதிர். உணவு தேடலோடு இம்மரபணு நெடிய படிமலர்ச்சிக் காலம் முழுதும் பிணைந்து வந்துள்ளது என்பது உண்மை. அதன் மிகுதியும் குறைவும் இன்ன செயலைக் குறிக்கும் என்பது இனத்துக்கு இனம் புதிதாகக் கற்க வேண்டிய செய்தி.

இரண்டிலிருந்து ஏழு

நடத்தை மரபியல் பாடநூல்களில் தவறாது இடம்பெறும் சான்று வால்டர் ரோத்தன்புஹ்லர் 1964இல் வெளியிட்ட தேனீ ஆய்வு. அழுகல் நோயால் இறந்த புழுக்கள் கிடக்கும் அறைகளின் மூடியைத் திறந்து, புழுவை வெளியேற்றும் கூடுகள் சில. அவ்வாறு செய்யாதவை சில. இரண்டையும் கலந்து, கலப்பினத்தை மீண்டும் தூய்மை பேணும் வகையோடு சேர்த்தபோது 29 கூடுகள் கிடைத்தன. ஆறு கூடுகள் இரு செயலையும் செய்தன. ஒன்பது மூடியைத் திறந்து புழுவை விட்டுவிட்டன. எஞ்சிய பதினான்கில், ஆய்வாளரே மூடியைத் திறந்து வைத்தபோது ஆறு கூடுகள் புழுவை அகற்றின. நான்கு சம பங்குகளுக்கு அண்மையான இக்கணக்கிலிருந்து, திறப்பதற்கு ஒன்றும் அகற்றுவதற்கு ஒன்றுமாக இரு மரபணுக்கள் என்னும் கருதுகோள் எழுந்தது. டாக்கின்ஸ் 1976ஆம் ஆண்டின் தம் முதல் நூலில் இதனை விரும்பி எடுத்தாண்டார்.

செய்முறையின் அழகு மறுக்கத்தக்கதன்று. மூடியைத் தாமே திறந்து பார்க்கலாம் என்று தோன்றிய அந்த ஒரு நொடி எந்த ஆய்வாளரும் பொறாமை கொள்ளத்தக்கது. ஆனால் 2002இல் மூலக்கூற்றுக் குறியீடுகளைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, இந்நடத்தையோடு தொடர்புடையனவாக ஏழு மரபணுப் பகுதிகள் கிடைத்தன. எதுவும் தனித்து வேறுபாட்டின் பெரும்பங்கை விளக்கவில்லை. தூய்மை பேணும் தேனீக்கள் நோயுற்ற புழுவின் மணத்தை எளிதில் உணர்பவை என்று வேறு ஆய்வுகள் காட்டின. அவ்வாறாயின் ‘மூடியைத் திறப்பதற்கான மரபணு’ எனப்பட்டவற்றுள் சில மூக்கின் கூர்மையோடு, தேனீக்கு உணர்கொம்பின் கூர்மையோடு, தொடர்புடையனவாகலாம்.

செந்தீ எறும்பின் வரலாறும் இவ்வழியே சென்றது. ஒரு கூட்டில் ஓர் அரசியா பல அரசிகளா என்பது 1998இல் ஒரு மரபணுவோடு தொடர்புபடுத்தப்பட்டது. 2013இல் அது அறுநூறுக்கு மேற்பட்ட மரபணுக்கள் பிரியாது கைமாறும் ஒரு குரோமோசோம் பகுதியாகத் தெரியவந்தது.

எதிர்ச்சான்றுகள்

இக்கருத்திற்கு எதிராக நிற்கும் சான்றுகளையும் கருதுதல் வேண்டும். ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும் 1971இல் பழ ஈயில் மூன்று சடுதிமாற்றங்களைக் கண்டனர். ஒன்றில் நாட்சுழற்சி 19 மணி நேரமாகக் குறுகியது. ஒன்றில் 28 மணி நேரமாக நீண்டது. ஒன்றில் சுழற்சியே மறைந்தது. மூன்றும் ஒரே மரபணுவில் அமைந்திருந்தன. அம்மரபணுவிலிருந்து தொடங்கிய ஆய்வுகள் 2017இல் மூவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன. பாலூட்டிகளிலும் அதன் உறவு மரபணுக்கள் உடற்கடிகாரத்தின் உறுப்புகளாகவே உள்ளன. ‘நாட்சுழற்சிக்கான மரபணு’ என்று இதனைக் கூறினால் மறுப்பது கடினம். சுழற்சி உயிரணுவுக்குள்ளேயே நடைபெறுவதும், அம்மரபணுவின் புரதமே அச்சுழற்சியில் ஏறி இறங்குவதும் இதற்குக் காரணம். மரபணுவுக்கும் நடத்தைக்கும் இடைப்பட்ட தொலைவு இங்கு குறைவு.

‘ஃப்ரூட்லெஸ்’ மரபணு இன்னும் வலிய எதிர்ச்சான்று. ஆண் ஈக்குரிய அதன் வடிவத்தைப் பெண் ஈயில் உண்டாக்கியபோது, அப்பெண் பிற பெண்களை நாடி ஆணின் காதற்சடங்குகளைச் செய்தது என்று 2005இல் வியன்னாவிலிருந்து வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆயினும் 2014இல், அவ்வடிவம் இல்லாத ஆண் ஈக்களைத் தனித்து வைக்காது பிற ஈக்களோடு சில நாள் வைத்தால் அவையும் காதற்சடங்கைப் பயில்கின்றன என்று தெரியவந்தது. பிறவிச் செயல் என்பதற்கு நூற்றாண்டு காலமாகக் காட்டப்படும் பூச்சியிடத்தும் தோழமை ஒரு காரணியாக நிற்கிறது.

எனவே மரபணு வலிமையற்றது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. நடத்தை மரபணுக்கு அப்பாற்பட்டது என்போரின் பிழை மறுமுனையில் இருக்கிறது. விலங்கியலில் அவர்களுக்கு இன்று இடமில்லை.

கலைச்சொல்லும் வாக்கியமும்

தமிழ்நாட்டில் ‘மரபணு’ என்றும் இலங்கைப் பாடநூல்களில் ‘பரம்பரையலகு’ என்றும் வழங்குகிறோம். முதற்சொல் சுருக்கமானது, நிலைபெற்றும் விட்டது. அதில் ‘அணு’ என்னும் உறுப்பு, பிரிக்க இயலாத, தானே முழுமையான ஒரு துகளை உணர்த்துகிறது. இன்னொரு மயக்கமும் உண்டு. தந்தைமை வழக்குகளில் ‘மரபணுச் சோதனை’ என்று செய்தித்தாள்கள் குறிப்பது டி.என்.ஏ. சோதனையையே. முழு மூலக்கூறுக்கும் அதன் ஒரு பகுதிக்கும் ஒரே சொல் வழங்குமாயின், மேலே கண்ட வோல் ஆய்வில் புரதப் பகுதி மாறாமல் ஒழுங்குபடுத்தும் பகுதி மாறியது என்னும் நுட்பத்தை வாசகர் உணர வழியில்லை. சொல்லை மாற்ற வேண்டும் என்று இதனால் பரிந்துரைக்கவில்லை; நிலைபெற்ற கலைச்சொல்லைப் பெயர்க்க முயன்றவர் பெரும்பாலும் குழப்பத்தையே கூட்டியுள்ளனர். வாக்கியத்தை மாற்றலாம்.

2008இல் ஸ்வீடன் நாட்டு இரட்டையரிடம் நடந்த ஆய்வு, வோல்களில் பேசப்பட்ட அதே ஏற்பி மரபணுவின் ஒரு வடிவத்துக்கும் ஆண்களின் மணவாழ்க்கைப் பிணைப்புக்கும் சிறிய அளவில் தொடர்பிருப்பதாகக் கூறியது. தனி ஒருவரைப் பற்றி எதையும் முன்னறிவிக்க அத்தொடர்பு போதாது. அதனைத் தமிழில் ‘மணமுறிவுக்கான மரபணு’ என்று எழுதுபவர், ஒரு குழுவின் சராசரி வேறுபாட்டை ஒருவரது பிறவிக்குணமாக்கிவிடுகிறார். குலத்தை வைத்துக் குணத்தை அளந்த பழைய வழக்கு, ஆய்வுக்கூடத்துச் சான்றிதழோடு மீண்டும் நுழைய இந்த ஓர் உருபு போதுமானது.

மான் எலிகளின் பெற்றோர் பராமரிப்பைப் பற்றி ஹோப்பி ஹோக்ஸ்ட்ரா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரு இனங்களின் வேறுபாட்டோடு தொடர்புடைய 12 மரபணுப் பகுதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் அமைந்த வாசோப்ரெசின் மரபணுவின் மிகுந்த வெளிப்பாடு கூடு கட்டுவதைக் குறைத்தது. வோலில் பிணைப்போடு பேசப்படும் ஹார்மோன், எலியில் கூடு கட்டுதலுக்குத் தடையாகிறது. இதனைக் ‘கூடு கட்டாமைக்கான மரபணு’ என்று எழுத எவருக்கும் கை வராது. ஏனெனில் அந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது இரு இனங்களையும் பெயர் சொல்லியே பேச வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயத்தைப் பிற ஆய்வுகளுக்கும் விரிக்கலாம். ‘இணைவாழ்க்கைக்கான மரபணு’ என்று மாணவர் ஆய்வேட்டில் எழுதினால், எவற்றுக்கிடையே, எச்சூழலில், எதனை அளந்து என்னும் மூன்று வினாக்களை நெறியாளர் ஓரத்தில் குறிக்கலாம். 2004ஆம் ஆண்டு ஆய்வுக்கு அவற்றின் விடைகள்: ஏற்பி மிகுவிக்கப்பட்ட, மிகுவிக்கப்படாத மெடோ வோல் ஆண்களுக்கிடையே, ஆய்வுக்கூடத்து மூவறைப் பெட்டியில், பழகிய பெண்ணை ஒட்டியிருந்த நேரத்தை அளந்து.